ஆமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை

எனக்குச் சீனம் பேச வரும் என்பது லண்டன் நோர்பரியில் எங்கள் தெருவுக்குத் தெரியவந்ததே ஒரு நூடுல்ஸ் தகராறில்தான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம். அலுவலகத்தில் வருடக் கணக்கு முடிக்கிற வாரம், சமைக்கிற தெம்பு இல்லை. தெருமுனை டேக்அவேயில் முட்டை போடாத நூடுல்ஸ் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கடையைப் புதிதாக எடுத்திருந்தவர்கள் சீனாவிலிருந்து வந்த தம்பதி. அடுப்புப் பக்கம் நின்ற மனைவி கணவரிடம் சீனத்தில், "முட்டை போட்டது ஒன்று தயாராக இருக்கிறதே, அதையே கட்டிக் கொடு. இந்த அம்மாவுக்கு என்ன தெரியப் போகிறது" என்றாள்.

"எனக்குத் தெரியும், அக்கா. முட்டை இல்லாமல் புதிதாகவே போட்டுக் கொடுங்கள்" என்றேன் நானும் சீனத்தில்.

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நூடுல்ஸோடு ஒரு பொட்டலம் இறால் வற்றலும் இலவசமாக வந்தது. எனக்குப் பின்னால் மீனும் சிப்ஸும் வாங்க நின்றிருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா. ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். எதையாவது ஏற்பாடு செய்கிறவர்களுக்கு வருகிற வெளிச்சம் அது.

இந்தச் சீனத்துக்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை. நான் மலேசியாக்காரி. பேராக்கில் ஒரு சின்ன ஊர். தமிழ்ப் பள்ளி ரப்பர்த் தோட்டத்துக்குள் இருந்தது, அதற்குப் பேருந்து பிடிக்க வேண்டும். சீனப் பள்ளி எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால். அப்பா லாரி ஓட்டப் போய்விடுவார். அம்மாவுக்குக் கைக்குழந்தை வேறு. சமையல்கட்டில் நின்றபடியே பள்ளி மணியைக் கேட்கலாம் என்கிற வசதிக்காக என்னை அங்கே சேர்த்துவிட்டார்கள். ஆறு வருடம் படித்தேன். அதன்பிறகு மலாய் இடைநிலைப் பள்ளி. அப்புறம் கணக்கியல் படிக்க லண்டன், இங்கேயே வேலை, கல்யாணம். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், தோர்ன்டன் ஹீத் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம். சீனத்துக்கு டேக்அவேயை விட்டால் வேறு இடமில்லை.

அடுத்த வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். அவர் எங்கள் வட்டார வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். மாதம் ஒருமுறை தேவாலயத்தின் கூடத்தில் கூடி யாராவது பேசுவதைக் கேட்டுவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். இந்த மாதம் ஒரு கல்லூரிக்கு ஒரு வருடத்துக்கு வந்திருக்கும் சீனத் தொல்லியலாளர் பேச ஒப்புக்கொண்டிருக்கிறாராம். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மொழிபெயர்க்க இருந்த மாணவிக்குக் காய்ச்சல்.

"பேச்சு எதைப் பற்றி?" என்று கேட்டேன்.

"புதிய கற்காலம். ஜியாஹூ என்று ஒரு இடமாம். எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆண்டுகள் பழையது."

"நான் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் சீனம் படித்திருக்கிறேன்."

"அதனால் என்ன? எங்கள் ஆட்கள் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள்" என்றார்.

கணவரிடம் சொன்னபோது அவர் கடைக்கு வந்த வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நீர் கணக்குப் பாக்கிற ஆள். உமக்கேன் உந்தக் கல்லும் மண்ணும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, போம். கடையைப் பூட்டிப்போட்டு நான் வந்து ஏத்திறன்" என்றார்.

சனிக்கிழமை கூடத்துக்குப் போனேன். பேச வந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, ஆண்கள் போடுகிற சாம்பல் நிற ஸ்வெட்டர், கையில் குழந்தை அளவுக்கு ஒரு வெந்நீர்க் குடுவை. மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார் என்று சொன்னதும் அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு சீனப் பெண்ணைத் தேடினார். நான், "லாவ்ஷி, வணக்கம், நான்தான்" என்றேன். லாவ்ஷி என்றால் ஆசிரியர். படித்தவர்களை அப்படித்தான் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அது வியப்பு என்று அன்றைக்கு நினைத்தேன். சிரிப்பை அடக்கினார் என்று பிறகுதான் தெரிந்தது.

பேச்சு ஆரம்பமானது. ஜியாஹூ, வட சீனச் சமவெளியில் ஒரு சிற்றூர். அங்கே வயலுக்கு அடியில் வீடுகள், அடுப்புகள், கல்லறைகள். அரிசி பயிரிட்டிருக்கிறார்கள். கல்லறைகளில் எலும்பில் செய்த புல்லாங்குழல்கள் கிடைத்திருக்கின்றன. இதுவரைக்கும் எனக்குச் சிக்கல் இல்லை. எந்தப் பறவையின் எலும்பு என்று லாவ்ஷி சொன்னார். அது பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் உள்ள பறவை, செந்தலை நாரை. ஆங்கிலத்தில் "கிரேன்" என்றேன்.

முன்வரிசையில் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். "கிரேனா? எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. லாவ்ஷிக்கு அதை விளக்க ஐந்து நிமிடம் ஆனது. விளங்கியதும் அவர் தனியாக ஒருமுறை சிரித்தார்.

அடுத்து, எந்த எலும்பு என்றார். அந்தச் சொல்லில் முதல் எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளியில் கோடு போடுகிற அடிக்கோலுக்கு அதுதான் பெயர். "ரூலர் எலும்பு" என்று துணிந்து சொல்லிவிட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாவ்ஷி நிலைமையைப் புரிந்துகொண்டு தன் கையை நீட்டி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

"அல்னா!" என்று பின்வரிசையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் கத்தினார். உடனே அத்தனை பேரும் தங்கள் முன்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைத்தலைக்காரர்கள் கூடம் முழுக்கத் தங்கள் கையைத் தாங்களே தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஒரு குழல் அந்தக் காலத்திலேயே உடைந்து போயிருந்ததாம். உடைந்த இடத்தின் இரு பக்கமும் பொடிப்பொடியாகத் துளை போட்டு நூலால் கட்டி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். எனக்குக் கைவேலை வகுப்பில் படித்த "தைப்பது" என்கிற சொல்தான் கிடைத்தது. "புல்லாங்குழலைத் தைத்தார்கள்" என்றேன். இதைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. "அப்படியானால் அது யாருக்கோ ரொம்பப் பிடித்த குழல்" என்றார் நர்ஸ் அம்மா. அரிசி, தேன், பழம் போட்டுப் புளிக்கவைத்த பானத்தின் கறை பானைகளில் இருந்ததாகச் சொன்னபோது கைதட்டல் எழுந்தது.

லாவ்ஷி கொண்டுவந்திருந்த மாதிரிக் குழலைச் சுற்றுக்கு விட்டார். நாரையைக் கொல்ல முடியாதாகையால் அது வான்கோழி எலும்பில் செய்தது. ஆளாளுக்கு ஊதிப் பார்த்தார்கள். காற்றுதான் வந்தது. ஒரு பேருந்து ஓட்டுநரின் வாயில் மட்டும் ஒரே ஒரு தரம் கெட்டில் கூவுவது போல ஒரு சத்தம் வந்தது. திரும்ப வரவைக்க அவர் தேநீர் இடைவேளை முழுக்க முயன்றார்.

கடைசிப் பத்து நிமிடத்தில் லாவ்ஷியின் குரல் மாறியது. திரையில் ஆமை ஓடுகள். மேல் ஓடும் அடி ஓடும் சேர்த்து, உள்ளே சின்னச் சின்னக் கூழாங்கற்கள். இறந்தவர்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சில ஓடுகளில் ஏதோ கீறியிருக்கிறார்கள், எழுத்து மாதிரி, ஆனால் எழுத்து என்று சொல்ல முடியாது. அவர் வேகவேகமாகச் சொன்னார். நான் மூச்சு வாங்க மொழிபெயர்த்தேன். கேள்வி நேரம் வந்தது. அத்தனை கேள்வியும் குழலைப் பற்றியும் மதுவைப் பற்றியும்தான்.

நாற்காலிகளை மடக்கும்போது லாவ்ஷி குடுவையின் மூடியைத் திருகியபடி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஆமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை."

"என்ன?"

"எப்போதும் இப்படித்தான். நான் குழல்காரி இல்லை. இருபது வருடமாக ஆமை ஓட்டைத்தான் பார்க்கிறேன். எங்கே போனாலும் குழலைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்."

அவர் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. மரியாதைக்காகத்தான் கேட்டேன்: "கற்களை ஏன் உள்ளே போட்டார்கள், லாவ்ஷி?"

அவர் குடுவையைக் கீழே வைத்தார். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவர் என் கணவரின் வேன் வந்து ஹாரன் அடிக்கிறவரைக்கும் சொன்னார். வேனில் ஏறி, வெங்காயப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னார். பிறகு எங்கள் சமையலறை மேசையில் சொன்னார். கணவர் ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல், "அக்கா பாவம், பசியோடை இருக்கிறா. முதல்ல சாப்பிட விடும், பிறகு கதைக்கலாம்" என்றார்.

அன்றைக்குப் புட்டு. லாவ்ஷி சாப்பிடுவதற்கு முன்னால் புட்டுப் பானையின் மேல் பாத்திரத்தைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, அடியில் இருந்த ஓட்டைகளை விளக்கில் பிடித்துப் பார்த்தார். கிழக்கே கடலோரத்தில் வேறொரு பழைய குடியிருப்பில், அடியில் துளை போட்ட மண்பானை கிடைத்திருக்கிறதாம். கீழே தண்ணீர், மேலே அரிசி. இதே வேலைதான்.

"என்னவாம்? வாங்கப் போறாவோ?" என்றார் கணவர்.

"அவங்க நாட்டுலயும் ஏழாயிரம் வருஷமா ஆவியிலதான் வேக வெக்கிறாங்களாம்."

"அப்ப நல்ல சாப்பாட்டுக்காரர்தான்" என்று இன்னும் ஒரு குழல் புட்டை அவர் தட்டில் தள்ளினார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் லாவ்ஷி வந்துவிடுவார். அவருக்குக் கல்லூரி விடுதியில் ஒரு சின்ன அறை. கணவர் ஊரில் பொறியாளர், மகள் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாட்ஸ்அப் எல்லாம் வராத காலம். எங்கள் கடையில் போன் கார்டு வாங்கி, காசால் சுரண்டி எண்ணை எடுத்து, எங்கள் ஹாலில் நின்று மகளிடம் சத்தமாகப் பேசுவார். என் கணவருக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அதனால் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. "அக்கா, இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று இவர் கேட்பார். "ஓம்" என்பார் அவர். போதும் என்றால் "காணும்". இந்த இரண்டு சொல்லில் ஒரு வருடம் ஓடியது.

முதல் நாள் ஏன் வாயைப் பொத்தினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கோபித்துக்கொள்ள மாட்டாயே, மெய்மெய்?" மெய்மெய் என்றால் தங்கை. தமிழ்க் காதுக்கு ஏதோ சத்தியம் செய்கிற மாதிரி இருக்கும். "நீ அலுவலகத்துக்குப் போகிற பெண்மணி மாதிரி உடுத்திக்கொண்டு வந்தாய். வாயைத் திறந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. 'லாவ்ஷி, வணக்கம்' என்று வகுப்பில் எழுந்து நிற்கிறது."

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே எனக்குச் சீனத்தில் பென்சில், மழை, கோழி, பாட்டு, மன்னிப்பு எல்லாம் தெரியும். வீட்டுக் கடனுக்குச் சொல் தெரியாது. கருச்சிதைவுக்குத் தெரியாது. அது எனக்கு அந்த வருடத்துக்கு முந்தைய வருடம் நடந்திருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்தேன். லாவ்ஷியிடம் சொல்ல முயன்றபோது, "வயிற்றில் குழந்தை இருந்தது, பிறகு இல்லை" என்றுதான் சொல்ல வந்தது. அதைவிடச் சரியாக நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் அதற்கான பெரியவர்கள் சொல்லைச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தட்டில் இருந்த மீன் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடு என்றார். மற்றச் சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். மாமியார் என்பதற்கு அவர் சொன்ன சொல்லையும் அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கையும் இன்றைக்கும் மறக்கவில்லை.

சீனப் புத்தாண்டுக்கு அவர் எங்களுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். செந்நிறக் காகிதத்தைப் பிரித்தால், உள்ளே ஓர் ஆமை ஓடு. அசல் இல்லை, அவர்கள் அருங்காட்சியகத்தில் வார்த்தெடுத்த மாதிரி. மேலும் கீழும் சேர்த்து நூலால் கட்டியிருந்தது. உள்ளே கூழாங்கற்கள். ஆட்டினால் கலகலவென்றது. "உங்கள் வீட்டுக்கு" என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

என் கணவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சிரிப்பு முகத்தில் அப்படியே உறைந்து நின்றது.

லாவ்ஷி போனதும், "இஞ்ச பாரும்" என்று ஆரம்பித்தார். "நான் உதெல்லாம் நம்பிற ஆள் இல்லை."

"எதெல்லாம்?"

"ஆமை வீட்டுக்குள்ள வந்தா ஆகாது எண்டு சொல்லுவினம். நான் நம்பேல்லை. எண்டாலும் இரண்டாவது கடைக்கு இப்பதான் லீஸ் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

"இது ஆமை இல்லைங்க. பிளாஸ்டர்."

"பிளாஸ்டர்தான். எண்டாலும் ஆமை மாதிரித்தானே கிடக்கு."

முதலில் டிவிக்கு மேலே வைத்தேன். இரண்டு நாளில் அது மாடிப்படிக்குக் கீழே போயிருந்தது. ஒரு வாரத்தில் தோட்டத்துக் கொட்டகையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு லாவ்ஷி ஹாலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

பொய் சொல்லுகிற அளவுக்கு என் சீனம் வளரவில்லை. "ஆமை வீட்டுக்குள் வந்தால் வீட்டில் பணம் இருக்காது, ஆள் இருக்க மாட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். அது தோட்டத்தில் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

லாவ்ஷி என்னைப் பார்த்தார். சமையலறையில் இருந்த என் கணவரைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சீனத்திலும் ஆமை என்றால் வசவுதானாம். மனைவி ஏமாற்றுகிற ஆணை ஆமை என்பார்கள். என் பள்ளியில் பையன்கள் ஒருவனையொருவன் அப்படித் திட்டிக்கொண்டது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது, பொருள் தெரியாமலே. இவர் ஆராய்ச்சிக்கு ஆமையை எடுத்தபோது கூட வேலை செய்கிறவர்கள் மகளின் காது கேட்கச் சொல்ல முடியாத பெயரெல்லாம் வைத்தார்களாம்.

"யோசித்துப் பார், மெய்மெய்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜியாஹூ ஆட்கள் செத்தவனுக்குத் துணையாக ஆமையை வைத்தார்கள். உன் ஆட்களும் என் ஆட்களும் அதை வாசலில் நிறுத்திவிட்டார்கள். நடுவில் அது என்ன தப்புச் செய்தது?"

"எங்கள் ஊரில் அப்படி இல்லை" என்றேன். "எங்கள் ஊரில் அதைத் தின்பார்கள்."

பேராக்கில் சீன வீடுகளில் குழந்தை பிறந்து மாதம் நிறைந்தாலோ, பெரியவர்களுக்குப் பிறந்தநாள் வந்தாலோ சிவப்பாக ஒரு பலகாரம் செய்வார்கள். அதற்கு ஆங் கூ குவே என்று பெயர், சிவப்பு ஆமைப் பலகாரம். ஒட்டரிசி மாவில் ஆமை வடிவம், உள்ளே இனிப்புப் பயறு. ஆமை மாதிரி நெடுநாள் வாழட்டும் என்பதற்காக. வட சீனக்காரரான லாவ்ஷிக்கு இது தெரியவே தெரியாது. செய்து காட்டு என்று அங்கேயே பிடிவாதம் பிடித்தார். கணவர் கடையிலிருந்து ஒட்டரிசி மாவும் பயறும் வந்தன. அச்சு இல்லை. மாவை உள்ளங்கையில் தட்டி, பயற்றை வைத்து மூடி, மேலே முள்கரண்டியால் கட்டம் கீறினோம். லாவ்ஷி கீறிய ஓடுகளில் கட்டங்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. என்னுடையவை அன்னாசிப்பழம் மாதிரி இருந்தன.

ஆவியில் வெந்ததும் கணவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். "இது மோதகமெல்லோ!" என்றார். இன்னொன்றை எடுத்தார். "ஓம், மோதகம்தான். பனங்கட்டிக்குப் பதிலாச் சீனி. வேறை ஒண்டுமில்லை." மூன்றாவதை மென்றுகொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஆமை ஓடு. சட்டை நுனியால் தூசியைத் துடைத்து, டிவிக்கு மேலே, முதலில் இருந்த இடத்திலேயே வைத்தார். "குளிருக்கை பிளாஸ்டர் வெடிச்சுப்போம்" என்றார் யாரும் கேட்காமலே.

அடுத்த வாரம் லீஸ் கையெழுத்தானது. அதற்கு அடுத்த வாரம் புதுக் கடையில் குழாய் வெடித்து அரிசி மூட்டைகள் நனைந்தன. கணவர் வீட்டுக்கு வந்து, ஆமை ஓட்டை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். "பைப் பழசு" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

வசந்த காலத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கேட்டார்கள். வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை நடக்கிற வகுப்பு. என் கணவர் கடைக்கு வருகிற ஆசிரியையிடம் அக்காவின் பெருமையை அளந்து வைத்திருக்கிறார். "பிள்ளையளுக்கு உங்கட சீன அக்காவைக் கொண்டு ஏதாவது கதைக்கச் சொல்ல ஏலுமோ? ஆனா தமிழிலதான் இருக்கோணும்" என்று ஆசிரியை போனில் சொன்னார்.

அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. சீனத்திலிருந்து தமிழுக்கு நான் என் வாழ்நாளில் மொழிபெயர்த்ததில்லை. பள்ளியில் சீனம், வீட்டில் தமிழ். இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று பார்க்காமலே நாற்பது வயது வரைக்கும் குடியிருந்திருக்கின்றன.

அன்றைக்குக் கிளம்பும்போது லாவ்ஷியின் பையைப் பார்த்தேன். "குழலை எடுக்கவில்லையா?"

"மறந்துவிட்டேன்" என்றார். மறந்தவர் முகம் மாதிரி இல்லை.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெற்றோர்கள், ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவர்கள் சிலர் சீருடையோடு. லாவ்ஷி முதல் நீளமான வாக்கியத்தைச் சொன்னார். தேவாலயக் கூடத்தில் இந்த மாதிரி வாக்கியங்கள்தான் என்னைக் கொன்றன. ஆங்கிலத்தில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், வாலைப் பிடித்து முன்னால் இழுக்க வேண்டும். நான் பதற்றத்தோடு தமிழில் தொடங்கினேன்: "செத்துப்போனவருடைய காலுக்குப் பக்கத்தில் வைத்த ஆமை ஓட்டுக்குள்ளே கிடந்த கூழாங்கல்..." நின்றுவிட்டேன். அவர் சொன்ன வரிசை அப்படியே வந்திருந்தது. காலுக்கு நேர் கால், ஓட்டுக்கு நேர் ஓடு, கடைசியில் கல். எதையும் கவிழ்க்கத் தேவையில்லை. அவர் ஓர் அடி வைத்தால் நானும் ஓர் அடி. ஏன் நிறுத்திவிட்டாய் என்று லாவ்ஷி திரும்பிப் பார்த்தார். "ஒன்றுமில்லை, மேலே சொல்லுங்கள்" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே இருந்த அந்தப் பள்ளிக்கு அன்றுதான் எங்கள் சமையல்கட்டிலிருந்து கதவு திறந்த மாதிரி.

எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போயிருந்த ஆமை ஓடு கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டிப் பார்த்ததில் கூடம் முழுக்கக் கலகலவென்று சத்தம். கேள்வி உண்டா என்று கேட்டதும் முன்னால் இருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, ஆசிரியை முறைத்ததும் தமிழுக்கு மாறினாள்.

"அன்ரி, ஆமைக்கு நொந்திருக்குமா?"

நான் அதைச் சீனத்தில் சொன்னேன். லாவ்ஷி அப்படியே குந்தி உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு வந்தார். "அதைத்தான் நானும் முதலில் யோசித்தேன்" என்றார். அதன்பிறகு கேள்விகள் நிற்கவில்லை. ஆமை ஆணா பெண்ணா? கற்கள் எல்லாம் ஒரே நிறமா? பேபி செத்தாலும் ஆமை வைப்பார்களா? யார் கீறினது, என்ன எழுதினது? எல்லாம் ஆமை. லாவ்ஷியின் காது சிவந்துபோயிருந்தது.

பின்னாலிருந்து ஒரு அப்பா எழுந்தார். "ஆமை வீட்டுக்கு ஆகாது எண்டுதானே நாங்கள் சொல்லுறம். அவை ஏன் பிரேதத்தோடை வைச்சவை?"

என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

லாவ்ஷி எழுந்து நின்றார். "கற்களை ஆட்டிச் சத்தம் எழுப்பியிருக்கலாம். நல்லது கெட்டது கேட்டுக் குறி பார்த்திருக்கலாம். பூசாரிகளாக இருந்தவர்களோடு வைத்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. நான் இருபது வருடமாக இதே வேலையாக இருக்கிறேன், எனக்கும் தெரியாது."

"தெரியாது" என்று நான் தமிழில் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் பக்கம் ஒரே குதூகலம். பெரியவர் ஒருவர், அதுவும் எல்லோர் முன்னாலும் நின்று, தெரியாது என்று சொன்னதை அவர்கள் அதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்கள் போல. அந்த அப்பா, "அப்ப சரி" என்று உட்கார்ந்தார்.

ஆகஸ்ட்டில் லாவ்ஷி ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் என் கணவர் அவர் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, சாப்பாடு காணுமோ?" என்று கேட்டார். வீட்டில் கட்டிக் கொடுத்த பொதியைக் காட்டி அவர் "ஓம், ஓம்" என்றார்.

லாவ்ஷியின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, ஹோட்டல் நிர்வாகம் படிக்க. மண் தோண்டுகிற வேலை வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அதை லாவ்ஷி போனில் சொன்னபோது வருத்தமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. அந்த அழைப்பில்தான் நாங்கள் வந்து ஜியாஹூவைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பார்க்க ஒன்றும் இருக்காது, மெய்மெய். தோண்டினதை எல்லாம் மூடிவிட்டோம். மேலே கோதுமை போட்டிருக்கிறார்கள்."

கணவரிடம் சொன்னேன். "கோதுமை எண்டாலும் பரவாயில்லை. அக்கா கூப்பிட்டா போறதுதானே" என்றார். அவர் கூப்பிடவில்லை என்பதைச் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் போனோம். கோதுமைதான். முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக, கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை. வரப்பில் ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. லாவ்ஷி அங்கேயும் இங்கேயும் கையைக் காட்டி, இங்கே வீடுகள், அங்கே கல்லறைகள் என்றார். நான் சொல்லச் சொல்லக் கணவர் ஒவ்வொரு பக்கமும் திரும்பி, அங்கே ஏதோ நிற்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்தார். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. லாவ்ஷி குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார், கையைத் தட்டிக்கொண்டார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாருங்கள்" என்றார். "வீட்டில் என் கணவர் தனியாகச் சமைக்கிறார். நான் போகாவிட்டால் உப்பைக் கொட்டிவிடுவார்."